நாடகம் நினைவிருக்கு, புத்தகம் எங்கே?

பதுளை டவுனில் பசார் வீதிப் பக்கமோ பஸ் நிலையத்து ஓரமோ, அறுபதைத் தாண்டிய யாரிடமாவது பழைய ரேடியோ நாடகங்களைப் பற்றிப் பேச்சை எடுத்துப் பாருங்கள். 'தணியாத தாகம்' என்று பெயரைச் சொன்னால் போதும், மனுசர் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். சோமுவாக வந்த கே.எஸ். பாலச்சந்திரனின் குரல், சில்லையூர் செல்வராசனின் எழுத்து, அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று பீலிக்கரையில் பெண்கள் போட்ட சண்டை என்று வரிசையாக வரும். "அந்த நாடகத்தின் புத்தகம் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும். "அது புத்தகமாகவும் வந்திச்சா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

வந்தது. சொல்லப்போனால் புத்தகம்தான் முதலில் வந்தது. செல்வராசன் அதை எழுதியது சினிமாவுக்காக. படம் எடுக்கப்படவில்லை. 'திரைப்படச் சுவடி' என்ற அடையாளத்தோடு அது அச்சேறியது. பிறகுதான் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் தொடர் நாடகமாகி ஊரெல்லாம் கேட்டது. நாடகத்தைக் கேட்டவர்கள் இலட்சக்கணக்கில் இருப்பார்கள். புத்தகத்தைக் கண்ணால் கண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மலையகத்தில், குறிப்பாக ஊவாத் தோட்டங்களில், வானொலி, தொலைக்காட்சி, மேடை, சினிமா என்று எதில் வந்த தமிழ் நாடகத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். சிலவற்றுக்குப் புத்தகம் உண்டு, கைக்குக் கிடைப்பதில்லை. பலவற்றுக்குப் புத்தகமே இல்லை, ஒரு கொப்பியோ றோணியோத் தாளோ எங்கேயாவது யார் வீட்டு அட்டாளையிலாவது கிடக்கலாம். தேடப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, தான் தேடுவது இந்த இரண்டில் எது என்பது.

வெளிநாடுகளில் இந்தக் குழப்பம் குறைவு. ரூபவாஹினியில் ஓடிய 'ஓஷின்' நாடகத்தை மறந்தவர்கள் இங்கே இல்லை. சுகாகோ ஹஷிடா எழுதிய அந்தத் தொடரை, 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, கால் மணிநேரப் பகுதிகளாக, 297 நாள் ஜப்பானின் என்.எச்.கே. ஒளிபரப்பியது. அந்த நிறுவனத்தின் காலை நாடகம் ஒன்று தொடங்கினால் அதற்கான வழிகாட்டிப் புத்தகமும் கூடவே கடைக்கு வந்துவிடும். நடிகர் படம், கதைச் சுருக்கம், கதை நடக்கும் காலத்தைப் பற்றிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். ரூபவாஹினியே ஜப்பானின் உதவியில் கட்டப்பட்டு 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கியதுதான். கட்டடம் வந்தது, கருவி வந்தது, நாடகமும் வந்தது. நாடகத்துக்குப் புத்தகம் போடுகிற பழக்கம் மட்டும் கப்பலேறவில்லை.

பிரித்தானியாவின் கதை இன்னும் நமக்குப் பக்கம். 'டொக்டர் ஹூ' என்ற தொடரின் 1960களின் பகுதிகள் பலவற்றை பி.பி.சி. தானே அழித்துவிட்டது. நாடாக்கள் விலை கூடியவை, வைக்க இடமும் இல்லை, திரும்பப் போடுகிற எண்ணமும் இல்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் அப்படிப் போயின. 1973 முதல் டார்கெட் என்ற பதிப்பகம் அந்தத் தொடரின் கதைகளை மலிவுப் பதிப்பு நாவல்களாகப் போட்டது. பார்க்கக் கிடைக்காத பகுதிகளை ஒரு தலைமுறை அந்தப் புத்தகங்களில்தான் பார்த்தது. தொலைந்த பகுதிகளில் ஒன்பது 2013இல் வெளிவந்தன. அவை கிடைத்தது இலண்டனில் அல்ல, நைஜீரியாவில், ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் களஞ்சிய அறையில். ஊவாவின் புத்தகங்களைத் தேடுகிறவர் இந்த நைஜீரியா விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் கதை முதலில் வார இதழில் தொடராக வந்து, நூலாகி, அதற்குப் பிறகுதான் தொலைக்காட்சிக்குப் போனது. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' அப்படி. ரகுவரன் நடித்த 'ஒரு மனிதனின் கதை' சிவசங்கரியின் நாவல். நாடகம் மறைந்தாலும் நாவல் கடையில் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், 'பராசக்தி' காலத்துக் கதை வசனப் புத்தகங்களும் பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. பதுளை, பண்டாரவளைத் தியேட்டர்களில் படம் பார்த்து வந்த பிள்ளைகள் அந்தக் கதை வசனத்தை மனப்பாடம் செய்து தோட்டத்துத் திருவிழா மேடையில் ஒப்பித்தார்கள். மலையகத்துக்காரருக்கு நாடகத்தோடு ஒட்டிய புத்தகம் என்ற பண்டம் புதிதல்ல. அது எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

லயத்தில் கேட்டது யாருடைய வீடு?

தோட்டத்தில் ரேடியோ ஒரு வீட்டுக்கு உரியதாக இருந்ததில்லை. லயத்தில் ஒரு காம்பராவில் பெட்டி இருந்தால் வரிசை முழுக்கக் கேட்கும். தொலைக்காட்சி வந்தபோதும் முதலில் அதே கதைதான். லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் கார் பற்றரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டினார்கள். பற்றரியை டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவது ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்று. நாடகத்தின் நடுவே பற்றரி இறங்கினால் மிச்சக் கதையை மறுநாள் மலையில், கொழுந்து பறிக்கிற நிரையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்தவள் சொல்ல, பார்க்காதவள் கேட்டாள்.

ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து கேட்ட வீடு பெரும்பாலும் லயத்துக்காரர் வீடாக இருக்கவில்லை. 'தணியாத தாகம்' யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் கதை. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' என்ற பெயரே எந்த ஊர் வீடு என்று சொல்லிவிடுகிறது. எஸ். ராமதாசின் 'கோமாளிகள்' கொழும்பில் சுற்றியது. அந்த வானொலி நாடகம் 1976இல் படமாகவும் வந்து நன்றாக ஓடியது. இவற்றை எல்லாம் தோட்டம் ஆசையாகக் கேட்டது, குறை சொல்லவில்லை. ஆனாலும் பிரட்டுக்களமும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வருகிற நாடகம் எப்போதாவதுதான் ஒலித்தது. எப்போதாவது ஒலித்ததும் அச்சில் ஏறவில்லை.

என்.எஸ்.எம். ராமையாவை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகச் சிறுகதையின் பெரிய பெயர்களில் ஒருவர். அவர் எழுத வந்ததே வானொலி நாடகத்தின் வழியாகத்தான். 1980இல் வைகறை வெளியீடாக வந்த 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவருடைய வானொலி நாடகங்களைப் பற்றி யார் பேசுகிறோம்? கேட்டவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மூன்று 'காலங்கள்'

ஊவாவுக்கு நேரடியாகச் சொந்தமான பெயர் தெளிவத்தை ஜோசப். ஹாலிஎல பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தார். கும்பகோணத்தில் சில வருடம் படித்துவிட்டுத் திரும்பி வந்து பதுளை புனித பீட்ஸில் படித்தார். தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். 2022 ஒக்டோபரில் காலமானார். அவரது 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இல் வீரகேசரி பிரசுரமாக வந்தது. அடுத்த வருடம் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' படம் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைப் பேசிய அந்தப் படத்துக்குக் கதை வசனம் ஜோசப்.

இங்கேதான் தேடுகிறவர்கள் வழி தவறுகிறார்கள். மாத்தளை கார்த்திகேசு என்ற நாடகக்காரர் இருந்தார். 1980இல் வந்த 'அவள் ஒரு ஜீவநதி' படமும் அவருடையது. அவர் எழுதிய மேடை நாடகத்தின் பெயர் 'காலங்கள் அழுவதில்லை'. மலையக வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய தொலைக்காட்சி நாடகத்தின் பெயர் 'காலங்கள்'. ஆக, ஜோசப்பின் நாவல் சாவதில்லை, கார்த்திகேசுவின் மேடை அழுவதில்லை, அவரது தொலைக்காட்சித் தொடர் வெறும் காலங்கள். 'காலங்கள்' நாடகத்தின் புத்தகம் தன்னிடம் இருப்பதாக ஒருவர் சொன்னால், பத்துக்கு ஒன்பது தடவை அவர் எடுத்து நீட்டுவது ஜோசப்பின் நாவலாகத்தான் இருக்கும். நல்ல நாவல், வாங்கிப் படியுங்கள். ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் தலைப்பை மட்டும் சொல்லித் தேடுவது மலையகத்தில் வீண் பஸ் காசு.

வீரகேசரி பிரசுரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1970களில் தமிழ்நாட்டு இதழ்கள், புத்தகங்களின் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்ட காலம் அது. அந்த இடைவெளியில் உள்ளூர் நாவல்கள் மலிவுப் பதிப்பாக வந்து குவிந்தன. அவற்றில் சிங்களத்திலிருந்து வந்தவையும் உண்டு. கருணாசேன ஜயலத்தின் 'கொளு ஹதவத்த'வை தம்பிஐயா தேவதாஸ் 'நெஞ்சில் ஓர் இரகசியம்' என்று தமிழாக்கினார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 1968இல் படமாக எடுத்திருந்தார். பதுளையில் அந்தப் படத்தைச் சிங்கள நண்பரோடு பார்த்த தமிழ்ப் பையன் கதையைத் தமிழில் படிக்க முடிந்தது அந்த மலிவுப் பதிப்பால்தான். இதே தேவதாஸ் பிறகு எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' நம் படங்களுக்கு இருக்கிற ஒரே உருப்படியான துணைநூல் என்பேன். 'புதிய காற்று' போன்ற படத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் கையில் எடுக்க வேண்டியதும் அதுதான்.

அந்த மலிவுப் பதிப்புகளில் ஒன்று இன்று கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? சட்டைப்பைக்கு அடங்குகிற அளவு. பத்திரிகைத் தாளில் அச்சு. தாள் தேயிலைச் சாயம் தோய்ந்த மாதிரி பழுத்திருக்கும், ஓரத்தை மடித்தால் மடித்த இடத்திலேயே ஒடியும். தைக்காமல் கம்பி அடித்த புத்தகமாக இருந்தால் கம்பி துருவேறி நடுப்பக்கங்களில் செம்மண் நிறத்தில் இரண்டு கறை விழுந்திருக்கும். அட்டை போயிருக்கும். அட்டை போனாலும் பதைக்க வேண்டாம். முதல் நாலு பக்கங்களில் எங்கேயாவது பதிப்பு மாதமும் அச்சகத்தின் பெயரும் இருக்கும். அந்தப் பக்கம் இருந்தால் புத்தகம் இருக்கிறது என்று அர்த்தம். தலைப்புப் பக்கத்தில் தோட்டத்து வாசிகசாலை முத்திரை இருந்தால் கூடுதல் யோகம். எந்தத் தோட்டம் எதைப் படித்தது என்பதற்கு அந்த ஊதா மை வட்டத்தை விட்டால் வேறு ஆதாரம் நம்மிடம் இல்லை. சில பிரதிகளில் இரவல் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலே பென்சிலில் இருக்கும். அதை அழிப்பான் போட்டுச் சுத்தம் செய்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

எங்கே போயின?

ஆயிரம் பிரதி அடித்து ஐந்நூறு விற்பது நம் பதிப்புலகத்தின் பழைய கணக்கு. அது மட்டும் காரணமென்றால் மிச்சம் ஐந்நூறாவது எங்காவது இருக்க வேண்டும். இல்லாமல் போனதற்கு வேறு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் கப்பல். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இன்னொரு ஒப்பந்தம் பாதிப் பாதியாக்கியது. ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பதுளை ரயிலேறி, தலைமன்னார் போய், இராமேஸ்வரம் இறங்கினார்கள். ட்ரங்குப் பெட்டியில் பித்தளைக் குடமும் சாமிப் படமும் போயின. படிக்கிற வீடாக இருந்தால் புத்தகமும் போயிருக்கும். எனவே ஊவாவில் கிடைக்காத 1970களின் இலங்கைப் பதிப்பு, நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோர் வீடுகளில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. நைஜீரியா என்று சொன்னேனே, நமக்கு நைஜீரியா நீலகிரிதான். மலையக இலக்கியம் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போதுமான அளவு எட்டிப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, தீ. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். 1983 ஜூலையில் பதுளை டவுனில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அவற்றுக்குள் இருந்த அலுமாரிகளைப் பற்றி யாரும் கணக்கெடுக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் புத்தகத்தைப் பற்றியா பேசுவார்கள்? அதே ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. படச்சுருள்கள் சாம்பலாயின. அதற்குப் பிறகு உள்ளூர்ப் படத்தின் கதை வசனம் அச்சில் இல்லாதது ஒரு குறை என்ற நிலை போய், படமே இல்லை என்ற நிலை வந்தது.

மூன்றாவது மண். மலைச்சரிவில் கட்டிய லயங்களுக்கு மழைக்காலம் என்றால் என்ன என்று ஊவாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. உயிரிழப்புக்கு முன்னால் கொப்பியும் புத்தகமும் பேச்சுக்குரிய பொருளல்ல. ஆனாலும் ஒரு சமூகத்தின் பத்திரங்களும் படங்களும் கைப்பிரதிகளும் இப்படியும் போகின்றன என்பதைப் பதிந்துதான் ஆக வேண்டும்.

பெரிய அழிவுகள் இவை. சின்ன அழிவு நித்தமும் நடக்கிறது. தகரக் கூரையின் ஒழுக்கு, அடுப்புப் புகை, பூஞ்சணம், இராமபாணப் பூச்சி. வீட்டில் பெரியவர் காலமானதும் முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு வருகிற பழைய பேப்பர்காரர். கிலோ விலைக்குப் போன புத்தகம் வடை சுற்றி முடிவதற்குள் பிடிக்க முடிந்தால் அதிர்ஷ்டம்.

தேடியவர்கள் தேடிய விதம்

நம்மில் சிலர் இதை முறையாகச் செய்திருக்கிறார்கள். 1997இல் துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகம் 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற இரண்டு தொகுதிகளை வெளியிட்டது. பழைய பத்திரிகைகளிலும் இதழ்களிலும் புதைந்து கிடந்த கதைகளைத் தேடித் தொகுத்துக் கொடுத்தவர் தெளிவத்தை ஜோசப். விஸ்வநாதன் அடுத்த வருடமே காலமானார். அந்த இரண்டு தொகுதிகளும் வராமலிருந்தால் அவற்றில் உள்ள கதைகளில் பாதியாவது இன்று யார் கண்ணிலும் பட்டிருக்காது. சாரல் நாடன் கோ. நடேசய்யரைத் தேடிப் போனார். 1930களில் தொழிலாளருக்காக 'அந்தரப் பிழைப்பு' நாடகத்தை எழுதிய அதே நடேசய்யர். மு. நித்தியானந்தன் 'கூலித்தமிழ்' நூலுக்காக 1869இல் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வரைக்கும் பின்னோக்கிப் போனார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியது கிடைக்கிறது, ஐம்பது வருடத்துக்கு முந்திய வானொலி நாடகம் கிடைக்கவில்லை என்றால் தேடியவர் குறைவு என்றுதான் பொருள்.

கதைக்கு இவ்வளவு பேர் உழைத்த இடத்தில் நாடகத்துக்கு அந்தனி ஜீவாவைத் தவிர யாரைச் சொல்வது? 'ஈழத்தில் தமிழ் நாடகம்' என்று நூல் எழுதினார், தன் 'அக்கினிப் பூக்கள்' நாடகத்தை அச்சில் கொண்டுவந்தார், 'கொழுந்து' இதழில் கலைஞர்களைப் பற்றி எழுதினார். அவரும் போனார். ஜோசப்பும் போனார். இரண்டு நடமாடும் சுட்டிப் பட்டியல்களை இழந்தோம். இன்னாருடைய நாடகம் எந்த வருடம், அதன் பிரதி யாரிடம் என்று தொலைபேசியில் கேட்டால் சொல்கிற ஆட்கள் அவர்கள்.

இனித் தேடுகிறவருக்கு என்ன வழி? கொழும்பில் தேசிய நூதனசாலை நூலகம் இருக்கிறது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நாட்டில் அச்சாகிறவற்றின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி உண்டு, அந்தப் பிரதிகள் சேரும் இடங்களில் அது பழையது. எல்லா அச்சகத்தாரும் விதியை மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்படைத்த பிரதி கடையில் விற்ற பிரதியைவிட நீண்ட நாள் பிழைத்திருக்கும். மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் சிங்களக் குவியலுக்கு அடியில் தமிழ்ப் புத்தகம் கிடக்கும். அங்கே கடைக்காரருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாமலிருப்பது உங்களுக்குச் சாதகம், அட்டைப் படத்தை வைத்துத்தான் விலை சொல்வார்.

2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தை முதலிலேயே பார்த்துவிடுவது புத்தி. இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், மலர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலையகத்துக்கென்றே தனிக் கவனம் எடுத்துச் சேர்க்கிறார்கள். ஒரு தந்திரம்: நாடகத்தின் பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். பழைய பாடசாலை மலர்கள், கோவில் கும்பாபிஷேக மலர்கள், தொழிற்சங்க ஆண்டு மலர்களைத் திறந்து பாருங்கள். தனி நூலாக வராத நாடகம் மலரில் நாலு காட்சியாவது அச்சாகியிருக்கும். தினகரன், வீரகேசரி வாரவெளியீடுகளிலும் வானொலி நாடக விமர்சனங்கள் வந்திருக்கின்றன. விமர்சனம் கிடைத்தால் கதைச் சுருக்கமும் நடிகர் பெயர்களும் கிடைத்த மாதிரி.

கடைசியாக, அச்சாகாத பிரதிகள். வானொலியில் நடித்தவர் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பிரதி வந்தது. தட்டச்சு செய்து றோணியோ அடித்த தாள்கள். தன் வசனத்துக்குப் பக்கத்தில் நீல மையில் கோடு, "இங்கே அழ வேண்டும்", "மூச்சு விடாமல்" என்று பக்கவாட்டில் குறிப்பு. ஒலிப்பதிவு முடிந்ததும் பலர் அதை எறிந்தார்கள், சிலர் பத்திரப்படுத்தினார்கள். தோட்டத்து மேடைக்காரர்களிடம் இதற்கு இணையான பழக்கம் இன்னும் பழையது. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடுகிற தோட்டங்களில் மாஸ்டரிடம் ஒரு கொப்பி இருக்கும். தகப்பன் கொப்பியைப் பார்த்து மகன் எழுதியது. சென்னை பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்ட 'பெரிய எழுத்து'ப் புத்தகத்திலிருந்து கொஞ்சம், கேள்வியிலிருந்து கொஞ்சம், அந்தத் தோட்டத்துக்கென்றே கட்டிய பாட்டு கொஞ்சம். எந்தப் பதிப்பகமும் போடாத புத்தகம் அது. மாசி மாதம் மட்டும் வெளியே வரும்.

சிக்கல் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய புத்தகத்தை யார் வேண்டுமானாலும் மறுபதிப்புச் செய்துவிட முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை உரிமை அவரது வாரிசுகளுக்கு. 1995இல் காலமான சில்லையூர் செல்வராசனின் எழுத்துக்கு இன்னும் பல பத்து வருடம் உண்டு. வாரிசுகள் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கலாம். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். கேட்காமல் போட்டுவிட்டுப் பிறகு முகம் சுளிக்க வைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னொரு வகையினரையும் சொல்ல வேண்டும். கிடைத்த அபூர்வப் பிரதியைப் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டு, "என்னிடம் இருக்கிறது" என்று ஒவ்வொரு இலக்கியக் கூட்டத்திலும் சொல்வார்கள், யாருக்கும் காட்ட மாட்டார்கள். அந்தப் புத்தகம் எரிந்துபோன புத்தகத்திலிருந்து எந்த வகையில் வேறு என்று எனக்குப் புரியவில்லை.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பகுதிகளில் யார் வீட்டிலாவது 1980க்கு முந்திய இலங்கைத் தமிழ் நாடகப் புத்தகம், கதை வசனப் புத்தகம், வானொலி நாடகப் பிரதி, கூத்துக் கொப்பி இருந்தால், பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பசை தாளைத் தின்றுவிடும். ஈரமாக இருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விரியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில், ஜன்னல் வெளிச்சத்தில், நேராகப் படம் பிடியுங்கள். அட்டையையும் அச்சகப் பெயருள்ள பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும். படங்களின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும், இன்னொன்றை உங்கள் பிள்ளைகள் படிக்கிற பாடசாலை நூலகத்துக்கும் கொடுங்கள். றோணியோத் தாளின் மை வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டு போகிறது, ஆகவே இந்த மழைக்கு முன்னமே செய்துவிடுங்கள்.